பண்டிகைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?



சென்ற இதழில் உள்கடன் தவணை பற்றிப் படித்தோம். இந்த மாதம் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்கு வருகிறோம். பண்டிகை நாளில் வீட்டுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குப் போடுவது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் இம்மாதப் பாடம். இதெல்லாம் ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2025 பொங்கல் முடிந்து நடந்த ஒரு குழுக் கூட்டத்தில்தான் எங்கள் எண்ணம் மாறியது.

அன்று சேமிப்பு வசூல் முடிந்ததும், "பொங்கல் எல்லாம் எப்படிம்மா போச்சு?" என்று வழக்கம்போலக் கேட்டோம். "நல்லா போச்சு" என்றார்கள். "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டோம். "வீட்ல எல்லாரும் ரெண்டு மணிக்குச் சாப்பிட்டாங்க" என்றார் ஒருவர். "நீங்க?" என்றதும், "அதை யாரு பாத்தா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தபோது சிரிப்பு குறைந்துவிட்டது. ஒருவர் நாலு மணி என்றார். இன்னொருவர் பாத்திரத்தைக் கழுவிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் பசி அடங்கிப்போய், ராத்திரிதான் சாப்பிட்டிருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கோலம் போட்டவர் அவர்.

கடைசியில் அந்தக் குழுவின் பிரதிநிதி தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

அவர் வீட்டில் காலை ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் வரும்போதே பானை பொங்கிவிட்டது. ஆனால் மத்தியானம் குழம்பு, கூட்டு, வடை எல்லாம் வைத்து முன்னோருக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு என்பது அந்த வீட்டு வழக்கம். மூத்த மகனுக்குச் சென்னையில் வேலை. கிளாம்பாக்கத்தில் நள்ளிரவு தாண்டித்தான் அவருக்குப் பஸ் கிடைத்திருக்கிறது. பரனூர் சுங்கச்சாவடியிலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றனவாம். பத்து மணிக்குப் போன் செய்து, "இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துருவேம்மா" என்றார். "அவன் வரட்டும், சேர்ந்து படைப்போம்" என்றார் அப்பா. யாரும் மறுக்கவில்லை. வருசத்துக்கு ஒரு தரம் வருகிற பிள்ளை.

மாமியாருக்குச் சர்க்கரை நோய். எட்டு மணிக்கு வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டார். படையல் ஆகாமல் எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டார். பதினொன்றரைக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு கோர்வையாக வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "புதுச்சேலை கட்டி வாசல்ல உக்காந்திருந்தாங்கள்ல, கண்ணு பட்டிருச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறார். நல்லவேளையாக அந்த வழியாக வந்தவர் அதே குழு உறுப்பினர். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் வேலை பார்ப்பவர். "பாட்டி மாத்திரை போட்டாங்களா? என்ன சாப்பிட்டாங்க?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் பாட்டி தெளிந்து, "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாராம்.

மகன் வந்தது இரண்டு மணிக்கு. முதல் இலை போட்டது இரண்டரைக்கு. நம் பிரதிநிதி உட்கார்ந்தபோது நாலு மணி. ரசமும் சோறும் இருந்தது. வடையும் அவரைக்காய்ப் பொரியலும் தீர்ந்துவிட்டன.

"யாரையும் குத்தம் சொல்ல முடியல மேடம். எல்லாரும் நல்லதுக்குத்தான் காத்திருந்தாங்க. ஆனா எத்தனை மணிக்குச் சாப்பாடுன்னு யாருமே முடிவு பண்ணல. அதுவா ஆயிருச்சு" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்குகிறோம். கல்யாணம், காதுகுத்து என்றால் பந்தி எத்தனை மணிக்கு என்று பத்து நாள் முன்பே பேசுகிறோம். பண்டிகைச் சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் பேசுவதில்லை. டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடிந்து, வெளியூர் பஸ் வந்து, போன் பேசி முடித்து, மாமா கோயிலுக்குப் போய்த் திரும்பி, எப்போது எல்லாம் ஒன்று சேர்கிறதோ அப்போது சாப்பாடு. கடைசியாக வருகிற ஆளின் நேரமே வீட்டின் நேரமாகிவிடுகிறது.

குழுவில் ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம். செலவு கிடையாது. தரையில் கோலப்பொடியால் ஒரு நீளக்கோடு போடுங்கள். ஒரு முனை விடிகாலை 4 மணி, மறுமுனை இரவு 10 மணி. நடுவில் மணிக்கு ஒரு புள்ளி. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் பண்டிகை நாளில் வாயில் முதலில் சோறோ பலகாரமோ வைக்கிற நேரத்தில் ஒரு புளியங்கொட்டை. சின்னப் பிள்ளைக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. டீ, காபி கணக்கில் சேராது. அன்று கூட்டத்தில் கோடு போட்டபோது மற்றவர்கள் கொட்டையெல்லாம் ஒருபக்கமாகக் கிடந்தது. சமைத்தவர்களின் கொட்டை மட்டும் தள்ளி, தனியாகக் கிடந்தது. ஒரு அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் கொட்டை என்ன ஊருக்கு வெளியில கெடக்கு?" என்றார்.

அடுத்து, அதே கோட்டில் யாரால் பசி தாங்க முடியாதோ அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கல் வையுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர், ஊசி போடுபவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. இவர்களை வைத்துத்தான் மணியைக் குறிக்க வேண்டும். வருகிறவருக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் குழம்பு ஆறும், அவ்வளவுதான். மாத்திரை போட்டவருக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் நடப்பது வேறு.

சர்க்கரை மாத்திரை பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரையும் ஒன்று போல் இல்லை. சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், போட்ட பிறகு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடும். நம் வீட்டில் இருப்பது எந்த வகை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று செவிலியரிடமோ, வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிறவரிடமோ கேட்டு அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். பண்டிகை என்று நாமாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு இதெல்லாம் சர்க்கரை இறங்கியதற்கு அடையாளம். நினைவு இருந்தால் சீனித் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். கண்ணேறு கழிப்பது பிறகு இருக்கட்டும்.

இப்போது சமைப்பவருக்கு வருவோம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நூறு பேரில் பாதிக்கு மேல். பத்துப் பதினைந்து பேர் உள்ள ஒரு குழுவில் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்து, டீயாகக் குடித்துக்கொண்டு, அடுப்புச் சூட்டில் நின்று, பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிற உடம்பு இதுதான். அதிலும் டீயும் காபியும் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறவை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிந்திச் சாப்பிடுகிறவருக்கு நேரம் மட்டுமா போகிறது? கீரை, காய், பருப்பு, வடை எல்லாம் முதல் பந்தியிலும் இரண்டாம் பந்தியிலும் போய்விடும். கடைசி ஆளுக்கு மிஞ்சுவது சோறும் ரசமும் ஊறுகாயும்தான். யாரிடம் சத்துக் குறைவோ அவரிடமே சத்தில்லாத சாப்பாடு வந்து சேருகிறது.

இதைப் பேசியபோது ஒரு மூத்த அம்மா எழுந்தார். எழுபது வயது இருக்கும். குழு ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர். "வருசத்துல ஒரு நாள் பொறுத்துக்கிட்டா என்ன தாயி? எல்லாரும் தின்னு முடிச்சு, இலையை எடுத்துப் போட்டுட்டு உக்காரும்போது ஒரு நிம்மதி இருக்கு பாரு, அது உங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் "ஒரு நாள்" என்பதை எண்ணிப் பார்த்தோம். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று தைப் பிறப்பை ஒட்டியே வரிசையாக வந்துவிடுகிறது. பிறகு சித்திரை ஒன்று, ஆடி, ஊர்க் கொடை, தீபாவளி, கார்த்திகை, அமாவாசைகள், விருந்தாளி வருகிற ஞாயிற்றுக்கிழமைகள். சாதாரண நாளிலும் நாம் முந்தியா சாப்பிடுகிறோம்? 2024-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. இது எல்லா நாளுக்குமான சராசரி. பண்டிகை நாளுக்கு மட்டும் தனியாக எடுத்தால் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். மூத்த அம்மா கேட்டுவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை.

மணியை முடிவு செய்த பிறகு வேலையைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஒரு மணிக்கு இலை என்று வைத்துக்கொள்வோம். வடை சூடாக இருக்க வேண்டுமானால் பன்னிரண்டே காலுக்கு எண்ணெய்ச்சட்டி அடுப்பில் இருக்க வேண்டும். அப்படியானால் உளுந்து இரண்டு மணி நேரம் ஊறி, பதினொன்றரைக்குள் ஆட்டி எடுத்தாக வேண்டும். நடுவில் கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து நினையுங்கள். சோறு பன்னிரண்டுக்கு. குழம்பு அதற்கு முன்பே இறங்க வேண்டும். காய் நறுக்குவது ஒன்பதரைக்குள் முடிந்தாக வேண்டும். மொச்சை உரிப்பதும் அவரைக்காய் நார் எடுப்பதும் முதல் நாள் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து எல்லோரும் செய்கிற வேலை. ஆண்பிள்ளை உரித்தாலும் மொச்சை உரியும். இப்படி எண்ணிப் பார்க்கும்போது இரண்டு பர்னர் அடுப்பும் இரண்டு கையும் போதாது என்று தெரிந்தால், கறியில் ஒன்றைக் குறையுங்கள், அல்லது ஒரு ஆளைக் கூட்டுங்கள். ஏழு கறி வேண்டும் என்று கேட்கிறவர் ஏழு கறிக்கும் ஆள் சொல்லட்டும்.

காலையிலேயே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் செய்கிறார்கள். சமைத்த பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறிக் கிடக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேங்காய் அரைத்த கூட்டும் பருப்பும் சீக்கிரம் ஊசிப்போகும் என்பது நமக்கே தெரியும். சோறும் அப்படித்தான். வெதுவெதுப்பில் நெடுநேரம் இருந்த சோற்றில் சில கிருமிகள் விடுகிற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. எட்டு மணிக்கு ஆக்கி மூன்று மணிக்குப் போடுவதை விட, நேரத்தை முடிவு செய்து அதற்கேற்ப ஆக்குவது நல்லது.

ஒரு மணிதான் எல்லா வீட்டுக்கும் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. தீபாவளி அன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஏழு மணிக்கே இட்லியும் கறிக்குழம்பும் ஆகிவிடுகிறது. பலகாரமும் நடுநடுவே ஓடும். அன்று மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு என்றாலும் யாருக்கும் நட்டமில்லை. மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவத்தில் பானை வைப்பது சாயங்காலம்தான். படைத்து, மாட்டுக்கு ஊட்டி, வீட்டுக்குள் வர ராத்திரி ஆகும். பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே ஏதாவது கொடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் நம் சகோதரிகள் ராத்திரிப் பூசை முடிந்து வந்து, தூங்காமலே பிரியாணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் மணியை விடத் தூக்கத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

நம் பிரதிநிதி வீட்டுக்குத் திரும்புவோம். 2026 பொங்கல் வியாழக்கிழமை. போகி ராத்திரியே அவர் பேச்சை எடுத்தார். அன்றைக்குக் காலையில் எடுத்திருந்தால் சண்டையாகியிருக்கும் என்கிறார். அது சரியான யோசனை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது எந்த முடிவும் நல்லபடியாக வராது. "நாளைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வீட்டுக்காரர், "பெரியவன் வந்ததும்தான்" என்று ஆரம்பித்தார். அப்போது பேசியவர் மாமியார். "வியாழக்கிழமை ஒண்ணரையிலிருந்து மூணு ராகுகாலம். அதுல இலை போடக் கூடாது. ஒண்ணரைக்கு முன்னாடி படைங்க" என்றார். முந்தின வருசம் தனக்கு வந்த மயக்கத்தை நினைத்துச் சொன்னாரா, காலண்டரைப் பார்த்துச் சொன்னாரா என்று மருமகளுக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. முக்கால் மணிக்குப் படையல், ஒரு மணிக்கு இலை என்று முடிவானது. போனிலேயே மகனுக்கும் சொல்லிவிட்டார்கள்.

காலையில் சூரியனுக்கு வைத்த பானையோடு சின்னதாக வெண்பொங்கலும் வைத்துப் படைத்துவிட்டார்கள். சாமிக்கு ஆனதுதானே என்று மாமியார் எட்டு மணிக்கு வெண்பொங்கலைச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டார். படையல் முடிந்து பரிமாறுவதற்கு முன்பே ஒரு தூக்குவாளியில் கூட்டு, பொரியல், இரண்டு வடை எடுத்து மருமகள் தனியாக வைத்துக்கொண்டார். எடுத்து வைப்பது எச்சில் ஆகாது. சின்ன மகன் இலை போட்டுத் தண்ணீர் வைத்தான். வீட்டுக்காரர் பரிமாறினாரா என்று கேட்டோம். "அப்பளம் எடுத்து வச்சாரு" என்றார்.

முதல் பந்தியில் அவர் உட்காரவில்லை. இரண்டாம் பந்திதான். ஆனால் மணி ஒன்றே முக்கால், இலையில் வடை இருந்தது. மகன் வந்தது இரண்டே காலுக்கு. அவருக்கு இலை போட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அங்கே நிறைவேறியது.

வேறொரு உறுப்பினர் வீட்டில் இதற்கு நேர்மாறாக முடிவு செய்தார்கள். திருப்பூரிலிருந்து வரும் மகள் குடும்பத்துக்காக மூன்று மணிக்குத்தான் பெரிய சாப்பாடு. ஆனால் பதினோரு மணிக்கு வீட்டில் இருந்த எல்லோரும், சமைக்கிறவரும் சேர்ந்து, இட்லி சாப்பிட்டுவிட்டார்கள். இதுவும் நல்ல முடிவுதான். பேசி வைத்த மூன்று மணி அது.

எதிர்ப்பு வராது என்று நாங்கள் சொல்ல முடியாது. ஒரு வீட்டில், "குழுவுக்குப் போயி இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சகோதரி ஒன்றும் பேசாமல் தூக்குவாளியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். இந்த வருசத்துக்கு அவ்வளவு போதும் என்றார். நாங்களும் அவரை அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

குழுவில் விவாதிக்க: உங்கள் வீட்டில் சென்ற பண்டிகை அன்று சாப்பாட்டு நேரத்தை யார் சொன்னார்கள்? யாருக்காகக் காத்திருந்தீர்கள்? காத்திருந்தவர்களில் மாத்திரை போடுகிறவர் யாராவது இருந்தாரா? உங்கள் புளியங்கொட்டை எத்தனை மணியில் விழுந்தது? ஊக்குநர்கள் இதைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், வீட்டு விஷயம். ஆனால் கோட்டை ஒரு தாளில் வரைந்து, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. அன்று கூட்டத்தை மத்தியானம் ஒரு மணிக்கு முடித்துவிடுகிறோம், சாப்பாடும் அங்கேயே.